சாவிக்கொத்து டேக்: ஒரு மொபைல் சர்வீஸ் கடைக்காரி எழுதும் விமர்சனம்

திண்டுக்கல்லில் 12 வருடமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவது, தண்ணீரில் விழுந்த போனைப் பிழைக்க வைப்பது, இதுதான் தொழில். கடையில் பெண் இருப்பதால் பெண்கள் தயங்காமல் போனைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். லாக் நம்பரையும் சேர்த்தே எழுதிக் கொடுப்பார்கள்.

இந்த விமர்சனம் சாவியில் மாட்டும் புளூடூத் டேக்கைப் பற்றியது. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற ஒரு டேக். கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் இதே மாதிரி டேக்குகள் இப்போது ஏகப்பட்டது வந்துவிட்டன, நான் சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் சரக்கைப் பற்றி. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே சிஆர்2032 பட்டன் செல் ஒன்று. சுமார் ஒரு வருடம் ஓடும் என்று போட்டிருக்கிறார்கள். மூடியைத் திருகினால் செல் வெளியே வந்துவிடும், அதனால் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் கவனம். பட்டன் செல்லை விழுங்கினால் தொண்டைக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். இதில் சிம் கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. டேக் சும்மா புளூடூத்தில் கத்திக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போகிற யாரோ ஒருவரின் போன் அதைக் கேட்டு, 'இது இந்த இடத்தில் இருக்கிறது' என்று மேலே அனுப்பும். அந்த ஆளுக்கே அது தெரியாது.

நான் நாலு வாங்கினேன். ஒன்று கடைச் சாவியில். ஒன்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பஸ்ஸில் வரும் ஸ்பேர் பார்ட்ஸ் பார்சலில். பார்சல் பெருங்களத்தூர் தாண்டியது, விழுப்புரம் தாண்டியது, திருச்சிக்கு வந்தது, எல்லாம் உட்கார்ந்த இடத்தில் தெரிந்தது. நத்தம் ரோட்டுப் பக்கம் போனால் மட்டும் சுணக்கம். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் இரண்டு மணி நேரம் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட் மாதிரி கூட்டமுள்ள இடத்தில் சில நிமிடத்தில் இடம் மாறுகிறது. சாவி தேடுகிறவர்களுக்கு தாராளமாகச் சொல்வேன், வாங்குங்கள்.

சாவிக்காக மட்டும் இருந்தால் இந்த விமர்சனத்தை இத்தோடு முடித்திருப்பேன்.

போன வருடம் ஆவணி மாதம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். தங்கச்சி என்றே எழுதுகிறேன். புருஷன் வீட்டைவிட்டு அம்மா வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. டைலரிங் யூனிட் ஒன்றில் வேலை. ஸ்டூலில் உட்கார்ந்து, போனை என் பக்கமாகத் தள்ளி, மெதுவாகச் சொன்னாள். "அக்கா, நான் எங்க போனாலும் அவர் அங்க நிக்கிறார்க்கா. கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போனா வெளிய நிக்கிறார். ஒட்டன்சத்திரத்துல அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போனேன், மண்டபத்து வாசல்ல நிக்கிறார். போன்ல ஏதாவது வச்சிருக்காரா பாருங்க."

அடித்ததைப் பற்றிச் சொன்னபோதும் அவள் 'அவர்' என்றுதான் சொன்னாள். ஒரு தடவைகூட 'அவன்' வரவில்லை.

வந்து என்ன செய்கிறார் என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யல. பாத்துட்டே நிப்பார். ஒரு நாள் நிலக்கோட்டை மல்லி ரெண்டு முழம் வாங்கிட்டு வந்து வண்டியில வச்சிட்டுப் போயிட்டார்." அவள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, பொண்டாட்டி மேல் உசிரு இல்லாமலா இப்படிப் பின்னாடியே வருகிறார், சேர்ந்து வாழ வழியைப் பார் என்று சொன்னாராம்.

போனைப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் அவளுக்குத் தெரியாத ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கூகுள் கணக்கையே புருஷன்தான் கல்யாணமான புதிதில் திறந்து கொடுத்திருக்கிறார், மீட்பு எண்ணாக இருந்தது அவர் நம்பர். சரி, விஷயம் இதுதான் என்று நினைத்தேன். ஆனால் கணக்குப் பொருந்தவில்லை. ஒட்டன்சத்திரத்துக்குப் போன அன்று அவள் போன் ரிப்பேராகி வீட்டில் கிடந்தது. ஸ்கூட்டியில்தான் போயிருக்கிறாள்.

"வண்டியில ஏதாவது வித்தியாசமா இருக்கா?"

"காலையில எடுக்கும்போது சில நாள் கீச்சுனு ஒரு சத்தம் வருது. மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினேன், ஒண்ணும் இல்லன்னுட்டார்."

ஆண்ட்ராய்டு போனில், அமைப்புகளில் 'பாதுகாப்பும் அவசரநிலையும்' என்ற பகுதிக்குள் தெரியாத டிராக்கர் பற்றி எச்சரிக்கும் வசதி இருக்கிறது. உரிமையாளர் பக்கத்தில் இல்லாத டேக் ஒன்று உங்கள் கூடவே பயணம் செய்தால் போன் தானாகச் சொல்ல வேண்டும். 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து கொண்டுவந்த பொது ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒரு கம்பெனி டேக்கை வேறு கம்பெனி போன் பல நேரம் கண்டுபிடிக்காது. தங்கச்சி சார்ஜ் மிச்சம் பிடிக்க எப்போதும் புளூடூத்தை அணைத்தே வைத்திருப்பாள், அதனால் எச்சரிக்கை வரவே இல்லை. ஆன் செய்து, 'இப்போது ஸ்கேன் செய்' என்பதைத் தட்டினேன். பத்து வினாடி. ஒரு டேக் காட்டியது. ஒலி எழுப்பச் சொல்லி அழுத்திவிட்டு இரண்டு பேரும் ஸ்கூட்டி பக்கம் குனிந்தோம். எங்கேயோ போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கீச்.

சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். சீட் கவரை அடியில் ஸ்டேப்ளர் பின் அடித்து இறுக்கியிருப்பார்கள் இல்லையா, பின்கள் எல்லாம் துருவேறிப் பழுப்பாக இருந்தன. ஓரத்தில் நாலு மட்டும் புதுசாக மின்னின. அந்த இடத்தில் விரலை வைத்து அமுக்கினால் பஞ்சுக்குள் வட்டமாக ஒன்று தட்டுப்பட்டது. பஞ்சைக் குடைந்து, டேக்கின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி, உள்ளே வைத்து, திரும்பப் பின் அடித்திருக்கிறான். சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகச் செய்த வேலை. பொறுமையாகச் செய்த வேலை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பின்னைக் கிளப்பப் போனேன். ஏதோ தோன்றி நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று சொல்ல வேண்டுமென்றால் 2015-க்குப் போக வேண்டும்.

அப்போது ஒருவர் மனைவியின் போனைக் கொண்டுவந்து, "அவ தனியா வெளிய போறா, பயமா இருக்கு, எங்க இருக்கான்னு தெரியிற மாதிரி ஏதாவது போட்டுக் குடும்மா" என்றார். பேச்சு மரியாதையாக இருந்தது. அக்கறையுள்ள மனுஷன் என்று நினைத்து ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். 200 ரூபாய் வாங்கினேன். ஆறு மாதம் கழித்து அந்த அம்மா டிஸ்ப்ளே நொறுங்கிய அதே போனோடு வந்தார், இடது கையில் மாவுக்கட்டு. "கீழ விழுந்திருச்சு" என்றார். போனைச் சொன்னாரா கையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. டிஸ்ப்ளேயை மாற்றிவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த ஆப்பை அழித்தேன். பாவத்தைக் கழுவிவிட்ட நினைப்பு. அதற்குப் பிறகு அவர் கடைப் பக்கம் வரவே இல்லை. அன்று ராத்திரி அந்த வீட்டில் அவன் போனில் மனைவி காணாமல் போனபோது அவன் என்ன செய்திருப்பான் என்று நான் யோசித்துப் பார்க்கவே பல வருடம் ஆனது.

அதனால் இந்த முறை ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, என் போனிலிருந்து 181-க்கு அடித்தேன். பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். போனைத் தங்கச்சி கையில் கொடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்த அம்மா டேக்கைப் பற்றி முதலில் கேட்கவில்லை. இப்போது பத்திரமான இடத்தில் இருக்கிறாயா, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அடுத்து, "எப்பவாவது கழுத்தைப் பிடிச்சு நெரிச்சிருக்காராம்மா?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "ஒரு தடவ. சும்மா மிரட்டத்தான்."

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று பிறகுதான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பெல் என்ற நர்ஸிங் பேராசிரியை, துணைவர்களால் கொல்லப்பட்ட பெண்களைப் பற்றிப் பல வருடம் ஆராய்ந்தவர். 11 நகரங்களில் அவர் குழு செய்த ஆய்வு 2003-ல் வந்தது. மிகவும் கட்டுப்படுத்துகிற ஒருவனிடமிருந்து, சேர்ந்து வாழ்ந்த பெண் பிரிந்து போகும்போது, அவள் கொல்லப்படும் ஆபத்து சுமார் ஒன்பது மடங்கு கூடுகிறது. அதே ஆய்வின் தகவல்களை வைத்து 2008-ல் வந்த இன்னொரு கட்டுரை, முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்ணுக்கு அந்த ஆபத்து ஏழு மடங்குக்கு மேல் என்கிறது. சும்மா மிரட்டத்தான் என்று அவள் ஒதுக்கிவைத்த விஷயம்தான் மிகப் பெரிய அபாயக் குறிகளில் ஒன்று.

நம் ஊரில் என்ன சொல்கிறோம்? அவ்வளவு அடித்தால் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாள், கிளம்பி வர வேண்டியதுதானே என்கிறோம். கிளம்புகிற நேரம்தான் ஆபத்தான நேரம். அது அவளுக்கு உடம்பாலேயே தெரியும். கூடவே அந்த மல்லிப்பூவும் இருக்கிறது. தினமும் அடிக்கிறவனை வெறுத்துவிடலாம். ஒரு நாள் அடித்து, மூன்று நாள் காலில் விழுந்து, பூ வாங்கி, மறுபடி முகம் சுளிக்கத் தொடங்குகிறவனிடமிருந்து மனசைப் பிய்த்து எடுப்பது சுலபமில்லை. 1979-லேயே லெனோர் வாக்கர் என்ற உளவியலாளர் இந்தச் சுற்றை எழுதியிருக்கிறார்: இறுக்கம், அடி, பிறகு தேன்நிலவு மாதிரி ஒரு சமாதானம். எல்லா வீட்டிலும் அதே வரிசையில் நடப்பதில்லை. தங்கச்சி சொன்ன கதை அப்படியே அந்த வரிசையில் இருந்தது.

181 அம்மா சொன்னது இதுதான்: டேக்கை இப்போது எடுக்காதீர்கள். எடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடலாம். இன்று ராத்திரி இந்தப் பெண் எங்கே தூங்கப் போகிறாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இருக்கிற இடத்திலேயே போட்டோ எடுங்கள். ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு நான் சொல்லிவிடுகிறேன்.

அப்படியே செய்தோம். சீட்டடி, புதுப் பின்கள், அவள் போனில் ஸ்கேன் காட்டிய டேக், எல்லாவற்றையும் தேதி நேரத்தோடு எடுத்துவைத்தேன். ஸ்கூட்டியைக் கடைக்குப் பின்னால் சந்தில் நிறுத்தினோம். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். தங்கச்சியை என் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து மையத்தில் விட்டுவிட்டு வந்தார். அங்கே ஐந்து நாள் வரை தங்கலாம். மருத்துவம், வக்கீல், போலீஸ், மனநல ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் ஏற்பாடு செய்வார்கள்.

ராத்திரி 8.40-க்கு அவன் கடைக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. சிரித்த முகம். "அக்கா, என் வீட்டுக்காரி வண்டி இங்க நிக்குதே, ரிப்பேரா?" என்றான். வண்டி நிற்கிற சந்தை அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள், "அவ கொஞ்சம் டென்ஷன் பார்ட்டிக்கா. சந்தேகப் புத்தி. நீங்க எடுத்துச் சொன்னா கேப்பா" என்றான். ஒரு கவர் ஸ்க்ரீன் கார்டு வாங்கி, ஜிபேயில் காசு போட்டுவிட்டுப் போனான். என் கை நடுங்கி கவரை இரண்டு தடவை தவறவிட்டேன். அவன் கை நடுங்கவில்லை. கடை கேமராவில் எல்லாம் பதிவாகி இருந்தது. பின்னால் வழக்குக்கு அதுதான் உதவியது: வண்டி அங்கே நிற்பது யாருக்கும் தெரியாதபோது உனக்கு எப்படித் தெரிந்தது?

அவனைப் பார்த்த பிறகு ஒன்று புரிந்தது. கோபக்காரன், குடிகாரன், கண்மண் தெரியாமல் அடிக்கிறவன் என்று நான் மனசில் ஒரு உருவம் வைத்திருந்தேன். இவன் கண்மண் தெரியாதவன் இல்லை. பஞ்சைக் குடைந்து டேப் சுற்றியவன். ஆஸ்திரேலியாவில் பால் மல்லன் குழு 1999-ல், பின்தொடர்கிறவர்களை ஐந்து வகையாகப் பிரித்தது. அதில் முதல் வகை, உறவு முறிந்ததை ஏற்க முடியாதவர்கள், பெரும்பாலும் முன்னாள் கணவர், முன்னாள் காதலர். சேர வேண்டும் என்ற ஆசையும் பழி வாங்க வேண்டும் என்ற வெறியும் அவர்களிடம் மாறி மாறி வரும். உறவு போன இடத்தில் அந்தப் பின்தொடர்தலே உறவாக உட்கார்ந்துகொள்ளும். அவள் எங்கே இருக்கிறாள் என்று மேப்பில் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவன் கணக்கில் அவள் இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறாள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-லிருந்து இப்படி அடிக்காமலே ஆளை வளைத்துக் கட்டுப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கிவிட்டார்கள். நம் 2005-ஆம் வருட குடும்ப வன்முறைச் சட்டத்திலும் உடல்ரீதியான அடி மட்டும் வன்முறை இல்லை. வார்த்தையால், மனரீதியாக, பணத்தைப் பிடுங்கிக்கொண்டு செய்வதும் அதில் வரும். பெண்ணின் விருப்பமில்லாமல் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவில் குற்றம், முதல் முறைக்கே மூன்று வருடம் வரை சிறை. அதற்கு முன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி என்று 2013-லிருந்து இருந்தது.

ஆனால் தங்கச்சி புகார் எழுதிக் கொண்டுபோன ஒரு காவல் நிலையத்தில், "புருஷன்தானேம்மா பின்னாடி வர்றாரு, வேற யாருமா?" என்று கேட்டார்கள். டேக்கைக் காட்டினால், வண்டி திருடு போகாமல் இருக்க வைத்திருப்பார் என்றார்கள். நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் 2016-லும் பரங்கிமலை ரயில் நிலையத்தில் 2022-லும் பின்தொடரப்பட்ட பெண்கள் பட்டப்பகலில் கொல்லப்பட்டதை இந்த மாநிலமே டிவியில் பார்த்தது. அதற்குப் பிறகும் இந்தக் கேள்வி வருகிறது என்றால் எனக்கு வயிறு எரிகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 2019–21-ல், கல்யாணமான தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். என் கடைக்கு ஒரு நாளில் கல்யாணமான பத்துப் பெண்கள் வந்தால் அதில் மூன்று, நாலு பேர்.

காரியத்தை நடத்தியது மையத்திலிருந்த ஆலோசகரும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரும்தான். பாதுகாப்பு அலுவலர் சம்பவ அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட் முன் மனு போட வைத்தார். அவளுடைய வேலை இடத்துக்கோ அம்மா வீட்டுக்கோ வரக் கூடாது, போன் செய்யக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. அதை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். டேக்கைச் சீட்டிலிருந்து எடுத்தது அந்த உத்தரவு கைக்கு வந்த பிறகுதான். போனின் பின்பக்கம் வைத்ததும் டேக்கின் சீரியல் எண் வந்தது, கூடவே உரிமையாளர் போன் எண்ணின் கடைசி நாலு இலக்கம். அவனுடையதேதான். இதற்கு என்எஃப்சி, அதாவது ஒட்டி வைத்தாலே தகவலைப் படிக்கும் வசதி, உள்ள போன் வேண்டும், மலிவு போன்களில் பெரும்பாலும் இருக்காது, என் போனில்தான் பார்த்தோம்.

இனி டேக்கின் குறைகள். எச்சரிக்கை வசதி இருப்பது நல்லது, மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் உரிமையாளரை விட்டுப் பிரிந்து பல மணி நேரம் ஆன பிறகுதான் டேக் தானாகக் கத்துகிறது. ஒரே ஊரில் இருக்கிற புருஷன் அடிக்கடி பக்கத்தில் வந்துபோனால் அந்தக் கணக்கு திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். சத்தம் பத்தவே பத்தாது, கொஞ்சம் பஞ்சும் டேப்பும் போதும் அமுக்க. பெட்டிக்குள் இருக்கிற காகிதத்தில் சாவியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நாலு பக்கம் இருக்கிறது. தெரியாத டேக் உங்கள் பையில் கிடந்தால் என்ன செய்வது என்று தமிழில் ஒரு வரிகூட இல்லை. சாவிக்கு நாலு நட்சத்திரம். மனுஷிக்கு இரண்டு.

மகள் பையில் போடலாமா என்று கேட்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அவளிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள், அவள் வேண்டாமென்றால் விடுங்கள் என்பேன். மனைவி வண்டிக்கு என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் டேக் விற்பதில்லை, போனில் எதையும் போட்டுக் கொடுப்பதும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரும் சேர்ந்து வரவில்லை.

சர்வீஸ் கடை வைத்திருக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. ஒரு பெண்ணின் போனில் இப்படி எதையாவது பார்த்தால் நீங்களாக அழிக்காதீர்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எடுக்கவா வேண்டாமா, எப்போது எடுப்பது என்று அவள் சொல்லட்டும். 181-க்கு அவள் போனிலிருந்து அடிக்காமல் உங்கள் போனைக் கொடுங்கள், கால் பதிவை அவன் பார்ப்பான்.

என் கடையில் 181 என்று பெரிதாக எழுதிய ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. வாசலில் ஒட்டவில்லை. சார்ஜர் வயர்கள் தொங்குகிற பலகைக்கு உள்பக்கமாக ஒட்டியிருக்கிறேன். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த ஸ்டூலில் உட்காருகிறவர்களுக்கு மட்டும் தெரியும்.